‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டுமா?

ஒரு வாசகி எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவருக்கு வயது 31. மென்பொருள்களுக்குக் கையேடு எழுதும் வேலை. இரண்டரை ஆண்டுகளாக ஓர் அரசுத் துறையின் மென்பொருள் திட்டத்தில் இருக்கிறார். திட்டத்தை டெண்டரில் எடுத்தது ஒரு பெரிய ஐ.டி. நிறுவனம். ஆனால் இவருக்குச் சம்பளம் போடுவது அந்த நிறுவனத்துக்கு ஆள் அனுப்பும் ஓர் ஏஜென்சி. மாதம் 24,000 ரூபாய். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறார்கள். சேரும்போது, இடையில் விலகினால் ஒன்றரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற பாண்டும், பட்டப்படிப்பின் அசல் சான்றிதழும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். போன மாதம் அலுவலகத்தில் எல்லோருக்கும் பகிர்ந்த ஓர் எக்ஸெல் கோப்பைத் திறந்தபோது, தன் பணியிடத்துக்குத் துறையிடம் மாதம் 92,000 ரூபாய் பில் போடுவதைப் பார்த்திருக்கிறார்.

இப்போதைய சிக்கல் வேறு. மார்ச் 25-க்குள் 640 பக்கத்தில் பயனர் கையேடு கொடுக்க வேண்டும். வேறொரு மாநிலத்துக்காகச் செய்த கையேட்டைக் கையில் கொடுத்து, துறையின் பெயரை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டார்கள். அதில் காட்டியிருக்கும் திரைகளில் பாதி இங்குள்ள மென்பொருளில் கிடையாது. ‘தயாரித்தவர்’, ‘சரிபார்த்தவர்’ என்ற இரண்டு இடத்திலும் இவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். தயங்கியபோது டீம் லீட் சொன்னது: “யாரும்மா மேனுவல் எல்லாம் படிக்கிறாங்க? இப்ப எல்லாம் அஜைல். மைல்ஸ்டோன் பில் போகணும், அவ்வளவுதான்.” வேலையில் ஒரு கட்டம் முடிந்ததும் துறையிடம் போடுவதுதான் அந்த பில்.

கடிதத்தில் இன்னொரு காட்சியும் இருக்கிறது. ஜனவரியில் பயிற்சி கொடுக்க ஒரு தாலுகா அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். அங்கே கணினியில் மனுக்களைப் பதிவு செய்யும் ஓர் அம்மா, மேசை டிராயரிலிருந்து பழுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினாராம். நீல மையில் இப்படி எழுதியிருந்தது: ‘முதலில் சேமி. இரண்டு நிமிஷம் இரு. மேலே பச்சைக்கோடு வந்த பிறகு அனுப்பு. அவசரப்பட்டால் மனு காணாமல் போகும், திரும்ப வரச் சொல்ல வேண்டியிருக்கும்.’ இதுபோல நாற்பது பக்கம்.

வாசகியின் கேள்விகள் இவை. கையேடு எழுதும் வேலையே வீண்தானா? மாதம் 68,000 ரூபாயை இடையில் இருப்பவர்கள் சாப்பிடுகிறார்களே, அதைக் கேட்டு வாங்க முடியுமா? கையெழுத்துப் போட மறுத்தால் என்ன ஆகும்? பத்திரிகைக்குச் சொல்லட்டுமா? ‘அரசாங்கம் கம்ப்யூட்டருக்குச் செலவழிப்பதெல்லாம் வெறும் ஏமாற்று’ என்று தன் அண்ணன் சொல்வது சரிதானே, பேசாமல் வேலையை விட்டுவிடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஓர் அவசரக் காரியம். கடிதத்தோடு இரண்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருந்தீர்கள். ஒன்றில் மனுதாரர்களின் பெயரும் கைப்பேசி எண்ணும் அப்படியே தெரிந்தன. இரண்டையும் அழித்துவிட்டேன். இனி யாருக்கும் அவற்றை அனுப்பாதீர்கள். ஒப்பந்த வேலையின் மூலம் கைக்கு வந்த தனிநபர் விவரத்தை, அதனால் ஒருவருக்குத் தீங்கு வரக்கூடும் என்று தெரிந்தும் அவருடைய சம்மதமில்லாமல் வெளியே கொடுத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவில் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. உங்கள் நோக்கம் அதுவல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் நாளைக்கு உங்களுக்கும் நிறுவனத்துக்கும் பிரச்சினை முற்றினால், அவர்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இரண்டு தனித்தனி வழக்குகளை நீங்கள் ஒன்றாகப் போட்டுக் கட்டியிருக்கிறீர்கள். ஒன்று உங்கள் சம்பளம். இன்னொன்று பொதுப் பணம். இரண்டிலும் உங்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் இரண்டுக்கும் கதவு வேறு, சட்டம் வேறு, கேட்கும் அதிகாரி வேறு. சேர்த்துத் தட்டினால், ‘சம்பளம் ஏற்றித் தரவில்லை, அதனால் புகார் சொல்கிறாள்’ என்ற ஒரே வரியில் இரண்டையும் மூடிவிடுவார்கள். தொழிலாளர் வழக்குகளில் இதை நான் பல முறை கண்ணால் பார்த்திருக்கிறேன். எனவே பிரித்துப் பிரித்தே பேசுகிறேன்.

கையேடு யாருக்கு?

உங்கள் டீம் லீட் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை. பில்லுக்காகத் தயாராகும் 640 பக்கக் கையேட்டை யாரும் திறப்பதில்லை. அப்படிப்பட்ட கையேட்டைச் சந்தேகப்படுவதில் தவறே இல்லை. ஆனால் அஜைலை இதற்குச் சாட்சியாகக் கூப்பிடுவது பிழை. அஜைல் என்பது மென்பொருளைச் சிறுசிறு பகுதியாகச் செய்து தரும் முறை. அதற்கு அடிப்படை, 2001-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள்காரர்கள் கூடி எழுதிய ஓர் அறிக்கை. விரிவான ஆவணங்களைவிட ஓடும் மென்பொருளுக்கு அதிக மதிப்புத் தருகிறோம் என்றுதான் அதில் இருக்கிறது. ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு என்பதையும் அவர்கள் அங்கேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆவணமே வேண்டாம் என்று அவர்கள் எங்கும் எழுதவில்லை.

அரசுத் திட்டத்தில் ஆவணத்துக்கு வேறொரு வேலையும் இருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் நிறுவனம் போய்விடும், அல்லது மறு டெண்டர் வரும். அன்றைக்குத் துறையின் கையில் என்ன மிஞ்சும்? மென்பொருள் எப்படி ஓடுகிறது, எங்கே இடறுகிறது, எந்த விதியை எந்தத் திரையில் வைத்திருக்கிறார்கள் என்று எழுதி வைத்தது மட்டும்தான். அது இல்லையென்றால் பழைய நிறுவனம் சொன்னதுதான் விலை. புதிதாக வருகிறவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தோண்ட வேண்டும் என்பதால் கூடுதலாகத்தான் கேட்பார். உங்களைப் போன்றவர்களை 24,000 ரூபாயில் வைத்து, பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ‘தொடர்வோமா, மாட்டோமா’ என்று ஊசலாட விட்டால் என்ன நடக்கும்? வேலை தெரிந்தவர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போவார். அவர் தலையில் இருந்ததும் அவரோடு போகும். அதையே கற்றுக்கொள்ள அடுத்தவருக்கு ஆறு மாதம் ஆகும். அந்த ஆறு மாதத்துக்கும் துறை பில் கட்டும். உங்கள் சம்பளக் குறையும் பொதுப் பணத்தின் இழப்பும் உண்மையில் சந்திக்கிற இடம் இதுதான். புகார் எழுதும்போது பிரித்து எழுதுங்கள் என்று நான் சொல்வது, இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்பதால் இல்லை.

கனடாவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே மத்திய அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் போட ‘ஃபீனிக்ஸ்’ என்ற மென்பொருளை 2016-ல் கொண்டுவந்தார்கள். ஆண்டுக்கு 7 கோடி கனடிய டாலர் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அந்த மிச்சம் எங்கிருந்து வரவேண்டியிருந்தது? துறைதோறும் இருந்த சம்பளப் பிரிவு ஊழியர்களிடமிருந்து. சுமார் 1,200 பணியிடங்களை எடுத்துவிட்டு, மிராமிச்சி என்ற சிறிய ஊரில் சுமார் 550 பேரை வைத்து ஒரே மையம் அமைத்தார்கள். ஓவர்டைம், பழைய தேதியிட்ட சம்பள உயர்வு, இடைக்காலப் பொறுப்பு என்று ஒவ்வொரு துறைக்கும் ஆயிரம் விதிவிலக்கு. அவையெல்லாம் பழைய ஊழியர்களின் அனுபவத்தில் இருந்தன. மென்பொருளின் செலவு மதிப்பீட்டைத் தாண்டியபோது, அந்த மென்பொருள் செய்ய வேண்டிய 984 வேலைகளில் 100-க்கும் மேற்பட்டவற்றை எடுத்தும் ஒத்திப்போட்டும் செலவைக் குறைத்தார்கள். எடுத்ததில் பழைய தேதியிட்ட சம்பளத்தைக் கணக்கிடும் வேலையும் ஒன்று. மென்பொருள் ஓடத் தொடங்கிய ஒன்றரை ஆண்டுக்குள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் சம்பளப் பிழை. சிலருக்கு மாதக்கணக்கில் சம்பளமே வரவில்லை. சிலருக்குக் கூடுதலாக வந்து, பிறகு திருப்பிக் கட்டச் சொன்னார்கள். 2018-ல் அந்த நாட்டுத் தலைமைத் தணிக்கையாளர், புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று தன் அறிக்கையில் எழுதினார். மிச்சம் பிடிக்கப் போன இடத்தில் நூற்றுக்கணக்கான கோடி டாலர் கூடுதலாகச் செலவானது.

உங்கள் தாலுகா அலுவலகத்து அம்மாவின் நோட்டைப் பற்றிப் படித்ததும் எனக்கு மிராமிச்சிதான் நினைவுக்கு வந்தது. அந்த நாற்பது பக்கம்தான் உங்கள் திட்டத்தின் உண்மையான பயனர் கையேடு. அதற்கு யாரும் பில் போடவில்லை.

உங்கள் அண்ணனுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். மனு போட்டுவிட்டு, அது காணாமல் போனதால் திரும்பவும் பஸ் ஏறி வருகிறாரே ஒரு பாட்டி, அவருக்கு நல்ல மென்பொருள் வேண்டும். அதற்கு அரசு செலவழிக்கத்தான் வேண்டும். கெட்டுப்போவது பெரும்பாலும் சரிபார்க்கும் இடத்தில். பொருள் வந்ததா என்று பார்க்காமல், காகிதம் வந்ததா என்று பார்த்துப் பணம் கொடுப்பதில். அதிலும் மார்ச் மாதம் இருக்கிறதே, அது ஒரு தனி நோய். நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்காத ஒதுக்கீடு போய்விடும் என்பதால் எல்லா பில்லும் ஓடும். கடைசி மாதங்களில் அவசரமாகச் செலவழிப்பது நிதி ஒழுங்கை மீறுவது என்று மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 62-ஆம் விதி வெளிப்படையாகவே சொல்கிறது.

92,000-க்கும் 24,000-க்கும் நடுவில்

உங்கள் கழித்தல் கணக்கில் ஒரு திருத்தம். 92,000 என்பது ஜி.எஸ்.டி. சேர்ந்த தொகையா என்று முதலில் தெரிய வேண்டும். 18 சதவீத வரி சேர்ந்தது என்றால், வரிக்கு முன் அது சுமார் 78,000. அதிலிருந்து நிறுவனப் பங்கு பி.எஃப்., காப்பீடு, கணினி, துறை ஆறு மாதம் கழித்துப் பணம் கொடுத்தால் அதுவரைக்குமான வட்டி எல்லாம் போகும். ஆக, 68,000 ரூபாயையும் யாரோ சாப்பிடுகிறார்கள் என்று எழுதாதீர்கள். அந்த ஓர் எண் தப்பு என்று காட்டியே உங்கள் மொத்தப் புகாரையும் தள்ளிவிட முடியும். இத்தனையும் கழித்த பிறகும் மிச்சம் பெரிதாகத்தான் இருக்கும். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? பில் தொகைக்கும் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொடு என்று கேட்க, பொதுவாக உங்களுக்கு உரிமை இல்லை. உங்கள் ஒப்பந்தம் ஏஜென்சியோடு. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. சில டெண்டர்களில், பணியமர்த்தும் ஆளுக்கு இவ்வளவுக்குக் குறையாமல் சம்பளம் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். உங்கள் திட்டத்தின் டெண்டர் ஆவணத்தைத் தேடிப் படியுங்கள். டெண்டர் ஆவணம் பொது ஆவணம். அந்த எக்ஸெல் கோப்பைத் தொட வேண்டாம், நகல் எடுக்கவும் வேண்டாம். தேவைப்பட்டால் முறையான வழியில் கேட்டு வாங்கலாம்.

‘என் வேலைக்குச் சந்தையில் விலை 24,000தான், நான் என்ன செய்ய’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி என்னைச் சங்கடப்படுத்தியது. சந்தை என்றால் விற்பவரும் வாங்குபவரும் விலை தெரிந்து பேச வேண்டும். உழைப்பை வாங்கும் ஆள் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால், கூலி அதன் உண்மையான பயனைவிடக் கீழே போகும் என்று ஜோன் ராபின்சன் என்ற பிரிட்டிஷ் பொருளியலாளர் 1933-லேயே விளக்கினார். உங்கள் விஷயத்தில் வாங்கும் துறையை நீங்கள் பார்த்துப் பேச முடியாது. நடுவில் இரண்டு பேர். அவர்கள் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்பது போன மாதம்வரை உங்களுக்குத் தெரியாது, நீங்கள் வேறு இடம் போகாமலிருக்க உங்கள் சான்றிதழ் அவர்கள் அலமாரியில். இப்படி முடிவான தொகையை உங்கள் தகுதிக்கான மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேட்டு வாங்கக்கூடியவையும் இருக்கின்றன. உங்கள் பே-ஸ்லிப்பில் பி.எஃப். இரண்டு முறை, 1,800 வீதம் பிடித்திருக்கிறார்கள். ஒன்று உங்கள் பங்கு, இன்னொன்று நிறுவனத்தின் பங்கு. நிறுவனப் பங்கைத் தொழிலாளியின் ஊதியத்திலிருந்து பிடிக்கக் கூடாது என்று பி.எஃப். திட்டம் தெளிவாகச் சொல்கிறது. நியமன ஆணையில் ‘மொத்தச் சம்பளம் 24,000’ என்று இருக்கிறதா, ‘நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு 24,000’ என்று இருக்கிறதா பாருங்கள். முதலாவது என்றால் இரண்டரை ஆண்டுப் பிடித்தத்தையும் கேட்கலாம். இரண்டாவது என்றால் வாதாட வேண்டியிருக்கும். பிடித்த பணம் உண்மையிலேயே கட்டப்பட்டதா என்று யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். எண்ணை வைத்து பி.எஃப். பாஸ்புக்கில் இன்றைக்கே பாருங்கள். ஏஜென்சி கட்டாவிட்டால் முதன்மை முதலாளியிடமும், அதாவது ஏஜென்சி மூலம் உங்களை வேலை வாங்குபவரிடமும், வசூலிக்கச் சட்டத்தில் வழி உண்டு.

துறையில் நிரந்தரம் கேட்கலாமா என்று ஓரமாகக் கேட்டிருந்தீர்கள். ஏஜென்சி மூலம் வந்தவருக்கு அது மிகக் கடினம். உமாதேவி வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, முறையான தேர்வு இல்லாமல் வந்தவர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்கிறது. அந்த நம்பிக்கையில் இன்னும் மூன்று ஆண்டுகள் அங்கே இருக்க வேண்டாம்.

அந்தக் கையெழுத்து

‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

இது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கிறீர்கள். நிறுவனத்துக்கும் துறைக்கும் நடுவில் அந்தத் தாள் பணத்துக்கான ஆதாரம். இல்லாத திரைகளை இருப்பதாகச் சரிபார்த்தேன் என்று தெரிந்தே கையெழுத்திட்டு, அதை வைத்து அரசிடம் பணம் வாங்கினால், பின்னால் விசாரணை வந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில், அதாவது ஏமாற்றுதலில், உங்கள் பெயரையும் சேர்க்க இடம் இருக்கிறது. ‘மேலே சொன்னார்கள், செய்தேன்’ என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம். குற்றச்சாட்டிலிருந்து உங்களைக் காப்பாற்றாது. மேலே சொன்னவர்கள் வாயால்தான் சொன்னார்கள், உங்கள் கையெழுத்து மட்டும்தான் தாளில் இருக்கும்.

மறுப்பதென்றால் சண்டை போட வேண்டியதில்லை. உங்கள் தொழிலிலேயே அதற்கு வழி இருக்கிறது. எந்தக் கையேட்டிலும் முன்பக்கத்தில் ‘பதிப்பு வரலாறு’ என்று ஓர் அட்டவணை வருமே, அதை உண்மையாக நிரப்புங்கள். எந்தப் பதிப்பு மென்பொருளோடு ஒப்பிட்டீர்கள், எந்தத் தேதியில், எந்த அத்தியாயங்கள் முடிந்தன, எவை பாக்கி. கடைசியில் ‘அறிந்த குறைகள்’ என்று ஒரு பக்கம் சேருங்கள். அப்புறம் டீம் லீடுக்கும் ப்ராஜெக்ட் மேனேஜருக்கும் அலுவலக மின்னஞ்சலில் இப்படி எழுதுங்கள்:

‘கையேட்டின் 1 முதல் 7 வரையிலான அத்தியாயங்களை, தற்போது பயன்பாட்டில் உள்ள பதிப்போடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிட்டேன். 8 முதல் 19 வரை உள்ள அத்தியாயங்களில் காட்டப்படும் திரைகள் தற்போதைய மென்பொருளில் இல்லை. பட்டியல் இணைப்பில் உள்ளது. இவற்றைச் சரிபார்த்ததாக நான் கையெழுத்திட இயலாது. ஐந்து வார அவகாசமும், மென்பொருளில் சோதித்துப் பார்க்க ஒரு லாகினும் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்.’

கோபமான ஒரு சொல்கூட வேண்டாம். சம்பளத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். இந்த ஒரு மின்னஞ்சல் மூன்று வேலை செய்யும். நீங்கள் வேலை செய்ய மறுக்கவில்லை என்று காட்டும். குறை அவர்களுக்குத் தெரியும் என்பதைத் தேதியோடு பதிவு செய்யும். அதோடு, உங்களை வெளியேற்றினால் ஏன் வெளியேற்றினார்கள் என்பதற்கும் சாட்சியாக நிற்கும். கணினிக் கருவியே கையேட்டை எழுதிவிடும் என்று அவர்கள் சொன்னால் எழுதட்டும். தாலுகா அலுவலகத்தில் பச்சைக்கோடு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அதற்கு எப்படித் தெரியும்? சரிபார்த்தவர் என்று யாராவது ஒரு மனிதர் அப்போதும் கையெழுத்துப் போட வேண்டும்.

வெளியே சொல்வதென்றால்

பத்திரிகைக்குப் போவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். முறைகேட்டை வெளிப்படுத்துபவரைச் சட்டம் காப்பாற்றும் என்று நம்பி எழுதியிருக்கிறீர்கள். வருத்தத்தோடு சொல்கிறேன், அப்படி ஒரு சட்டம் 2014-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. ஆனால் நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை இன்றுவரை வரவில்லை. தாளில் இருக்கும் பாதுகாப்பை நம்பி இறங்க வேண்டாம்.

மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால் முதல் படி, திட்டத்தை எடுத்த பெரிய நிறுவனம். அது பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 177-ஆம் பிரிவின்படி, முறைகேடுகளைத் தெரிவிக்க ஓர் ஏற்பாடு அங்கே கட்டாயம் இருக்க வேண்டும். அவர்களின் இணையதளத்திலேயே முகவரி இருக்கும். கீழே மறைத்தது மேலே போகும்போது சில நேரம் உடனே சரியாகிவிடும்.

அடுத்தது தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் பெயரும் முகவரியும் கொடுத்தாக வேண்டும். அதனால் நீங்கள் அங்கே வேலையில் இருக்கும்வரை நீங்களே போடாதீர்கள். பொது விஷயத்தில் அக்கறையுள்ள எந்தக் குடிமகனும் போடலாம். உங்கள் அண்ணனுக்கு இவ்வளவு கோபம் இருக்கிறதே, நல்லபடியாகப் பயன்படட்டும். ஆனால் நீங்கள் வேலையில் பார்த்த எதையும் அவர் மனுவில் சேர்க்கக் கூடாது. ‘மென்பொருளில் ஊழல் நடக்கிறதா’ என்று கேட்டால் பதில் வராது. ஒப்பந்தப்படி தர வேண்டிய ஆவணங்களின் பட்டியல், ஒவ்வொன்றையும் துறை ஏற்றுக்கொண்ட தேதி, ஏற்புச் சான்றின் நகல், அந்தந்த மைல்ஸ்டோனுக்குக் கொடுத்த தொகை என்று கேட்க வேண்டும். கோப்பை நேரில் பார்வையிடவும் 2(ஜே) பிரிவில் உரிமை உண்டு. வணிக ரகசியம் என்று 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுக்கலாம். பொதுநலன் பெரிது என்றால் கொடுக்க வேண்டும் என்று அதே பிரிவில் இருக்கிறது. மறுத்தால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

மூன்றாவது, சி.ஏ.ஜி. என்ற தணிக்கைத் துறை. சென்னை அண்ணா சாலையில் அவர்கள் அலுவலகம் இருக்கிறது. அவர்கள் போலீஸ் இல்லை. யாரையும் பிடிக்க மாட்டார்கள், மெதுவாகத்தான் வருவார்கள். ஆனால் கம்ப்யூட்டர் விஷயம் தணிக்கைக்காரர்களுக்குப் புரியாது என்று நீங்கள் எழுதியது சரியில்லை. ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டின் தரவைத் தோண்டி, ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகளுக்கு 9999999999 என்ற ஒரே கைப்பேசி எண் பதிவாகியிருப்பதை 2023-ல் வெளியே கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். திரையில் இல்லாததைக் கையேடு காட்டுகிறது என்றால், அதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு அரைநாள் போதும். எங்கே பார்க்க வேண்டும் என்பது மட்டும் தெரிய வேண்டும்.

லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போவதற்கு உங்களிடம் இப்போது இருப்பது போதாது. தரக்குறைவான வேலை வேறு, லஞ்சம் வேறு. யார் யாருக்குப் பணம் கொடுத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாத நிலையில் அந்தச் சொல்லை எங்கும் எழுதாதீர்கள்.

வேலையை விடுவது

விடலாம். நீங்கள் களைத்துப்போயிருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் மார்ச் மாத நடுவில், கோபத்தில், அந்த மின்னஞ்சலை அனுப்பாமல் விடாதீர்கள். அப்படிப் போனால் பொறுப்பை விட்டு ஓடினவர் என்று உங்களைச் சொல்லிவிட்டு, வேறொரு பெண்ணைக் கூட்டிவந்து அதே இடத்தில் கையெழுத்து வாங்குவார்கள்.

பாண்டைக் கண்டு பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, எழுதியிருக்கும் தொகை உச்ச வரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் கேட்க முடியும். பாண்டே செல்லாது என்று நண்பர்கள் சொல்வதும் தவறு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் இரண்டு லட்ச ரூபாய் பாண்டை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. ஆனால் அது பெரிய அளவில் தேர்வு நடத்தி ஆள் எடுத்த பொதுத்துறை வங்கி. உங்களுக்கு ஒருநாள் பயிற்சிகூடத் தராத ஏஜென்சி, ஒன்றரை லட்சத்துக்கு இழப்பைக் காட்டுவது சுலபமில்லை. சான்றிதழ் அடகுப் பொருள் கிடையாது. திருப்பித் தரச் சொல்லி இப்போதே, வேலையில் இருக்கும்போதே, எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் ஒன்று போதும், பெரும்பாலும் வந்துவிடும்.

விலகினாலும் வெளியேற்றினாலும், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, பாக்கி ஊதியம் இரண்டு வேலை நாளுக்குள் கைக்கு வர வேண்டும். உங்கள் பதவிப்பெயரில் ‘எக்ஸிக்யூட்டிவ்’ என்று இருப்பதால் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்று மனிதவளப் பிரிவு சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பெயரை வைத்து முடிவு செய்வதில்லை. செய்யும் வேலை தொழில்நுட்பம் சார்ந்ததாக இருந்து, நிர்வாகப் பொறுப்பு இல்லையென்றால் நீங்கள் தொழிலாளிதான். கையெழுத்துப் போட மறுத்ததற்காக வெளியேற்றினால் அதைத் தொழிலாளர் துறை முன் எழுப்பலாம். அப்போது நியமன ஆணை, பே-ஸ்லிப்புகள், புதுப்பித்த ஒப்பந்தங்கள், மேலே சொன்ன மின்னஞ்சல் இவ்வளவும் கையில் இருந்தால் போதும். இவை உங்கள் சொந்தத் தாள்கள். இவற்றின் நகல் வீட்டில் இருப்பதில் தவறில்லை. மென்பொருளின் மூலநிரலும் (சோர்ஸ் கோட்) மனுதாரர் விவரமும் மட்டும் வீட்டுக்கு வரக் கூடாது.

25-ஆம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இந்த வாரமே அந்தத் தாலுகா அலுவலகத்து அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள். அவருடைய குறிப்புகளைக் கையேட்டில் சேர்த்துக்கொள்ளலாமா என்று அனுமதி கேளுங்கள். சரி என்றால், நீங்கள் சரிபார்த்த முதல் ஏழு அத்தியாயத்துக்குள் வருகிற குறிப்புகளை மட்டுமாவது அவர் எழுதிய சொற்களிலேயே சேருங்கள். பதிப்பு வரலாற்றில் ‘உள்ளீடு தந்தவர்’ என்று ஒரு வரி போட்டு, அவருக்குச் சம்மதம் இருந்தால் அவர் பெயரை எழுதுங்கள்.